தலைவருக்கு எழுதிய அட்டைகள்

ஜூன் 9, ஞாயிறு

நாளை பள்ளி திறக்கிறது. பதினோராம் வகுப்பு, வணிகவியல் பிரிவு. நோட்டுகளுக்கு அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, 'வெ. மிருதுளா' என்று பெயரெழுதி முடித்தாயிற்று. ஒரு டைரி மிஞ்சியிருந்தது. சித்ராவதி பம்ப்ஸ் லிமிடெட் வருடாவருடம் டீலர்களுக்குக் கொடுக்கும் டைரி இது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு சின்ன பம்ப் படம். அம்மா அந்தக் கம்பெனியின் செயலாளர் என்பதால் எங்கள் வீட்டில் மளிகைக் கணக்குகூட இந்த டைரியில்தான். பாதி வருடம் வெறுமையாக இருக்கிறதே என்று நான் எடுத்துக்கொண்டேன்.

கம்பெனிச் செயலாளர் என்றால் கடிதம் டைப் அடிப்பவர் என்று என் தோழிகள் நினைக்கிறார்கள். அப்படியில்லை. இயக்குநர் குழு கூடும்போது சட்டப்படி கூடுகிறதா என்று பார்ப்பதும், அங்கே பேசியதை மினிட்ஸாக எழுதி வைப்பதும் அம்மாவின் வேலை. 

அப்பாவுக்கு ஓசூரில் வேலை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவார்.

ஜூன் 15, சனி

அம்மா என்னிடம் ஓர் உதவி கேட்டாள். தபால் அட்டை அளவில் கெட்டியான வெள்ளை அட்டைகள் இருபது கொடுத்து, தான் சொல்வதைப் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னாள். கம்பெனியைத் தொடங்கிய தலைவர் வெங்கிடுபதி சார் கூட்டத்தில் படிப்பதற்காம். அவருக்கு எழுபத்தெட்டு வயது. ஐப்பசியில் கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து சின்ன எழுத்து தெரிவதில்லை என்றாள். அச்சடித்தால் என்ன என்று கேட்டேன். அச்செழுத்தைப் பார்த்தால் கோர்ட் நோட்டீஸ் போல இருக்கிறது என்று சார் தள்ளிவிடுகிறாராம். அம்மாவின் கையெழுத்து எறும்பு ஊர்ந்தது போல இருக்கும். ஆகவே நான்.

முறை இதுதான். அவர் வாய்விட்டுப் படிக்க வேண்டியது நீல மை. அவர் செய்ய வேண்டியது அடைப்புக்குறிக்குள் சிவப்பு மை. உதாரணமாக, நீலத்தில்: 'எல்லோருக்கும் வணக்கம். குறைந்தபட்ச எண்ணிக்கை இருப்பதால் கூட்டத்தைத் தொடங்குகிறேன்.' சிவப்பில்: '(தண்ணீர் குடியுங்கள்.)'

தண்ணீர் குடிப்பதைக்கூட எழுத வேண்டுமா என்றேன். தொண்டை வறண்டுவிடுமாம்.

ஜூன் 18, செவ்வாய்

எங்கள் வணிகவியல் மிஸ் என்னைப் பேச்சுப் போட்டிக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார். தலைப்பு: 'நிறுவனங்களில் சுயேச்சை இயக்குநர்கள்: தேவையா, அலங்காரமா?' வகுப்பில் பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் சுறுசுறுப்பாகிவிட்டது. அம்மாவின் அலமாரியிலிருந்து கம்பெனிச் சட்டப் புத்தகத்தை எடுத்து இரண்டு மணி நேரம் படித்தேன்.

எனக்குப் புரிந்தவரை, பங்கு வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள், தினமும் வந்து கம்பெனியைப் பார்க்க முடியாது. அதனால் தங்கள் சார்பில் ஒரு குழுவை வைக்கிறார்கள். அந்தக் குழுவில் முதலாளியின் குடும்பமே உட்கார்ந்துவிட்டால் யார் கேள்வி கேட்பது? அதற்காகத்தான் குடும்பத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத சிலரை வைக்கச் சொல்கிறது சட்டம். ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

சித்ராவதி பம்ப்ஸின் சுயேச்சை இயக்குநர்கள் யார் என்று அம்மாவிடம் கேட்டேன். மூன்று பேர். ஓர் ஆடிட்டர், ஓய்வுபெற்ற ஒரு வங்கி அதிகாரி. இருவரும் சாரின் மகன் ஸ்ரீனிவாஸோடு காலையில் டென்னிஸ் ஆடுகிறவர்கள். மூன்றாவது, மகளிர் கல்லூரி முதல்வராக இருந்த டாக்டர் இந்திராணி.

"டென்னிஸ் ஆடுனா சுயேச்சை இல்லையா?" என்றேன்.

"சட்டத்துல டென்னிஸ் பத்தி ஒண்ணுமில்லடா மிது," என்று அம்மா தோசையைத் திருப்பினாள்.

ஜூன் 22, சனி

சனிக்கிழமைகளில் அம்மா மினிட்ஸ் புத்தகத்தோடு சாரின் வீட்டுக்குப் போவது வழக்கம். இன்று நானும் போனேன். கோவை ராமநாதபுரத்தில் பழைய வீடு. முன்னால் ஒரு சப்போட்டா மரம்.

சார் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். மினிட்ஸின் ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் 'வெ' என்று சுருக்கமாகக் கையெழுத்திட வேண்டும். கடைசிப் பக்கத்தில் முழுக் கையெழுத்து. அதற்கு முன் அவர் அம்மாவிடம் ஒரே கேள்வி கேட்கிறார்.

"நடந்தது நடந்தபடி இருக்குதா?"

"இருக்குதுங்க சார்."

கையெழுத்து விழுந்த பக்கத்தை அப்புறம் யாரும் திருத்த முடியாது என்று அம்மா சொன்னாள். தவறு இருந்தால், அடுத்த கூட்டத்தின் மினிட்ஸில்தான் 'அது தவறு, சரியானது இது' என்று எழுத வேண்டும். பழைய பக்கம் அப்படியே இருக்கும். எனக்கு அந்த விதி மிகவும் பிடித்திருந்தது.

சார் என்னைப் பார்த்து என்ன படிக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். தேங்காய் பன் வரவழைத்தார். நான் பாதி தின்பதற்குள் என்ன படிக்கிறாய் என்று மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னேன். அப்போது தோட்டத்தில் மோட்டாரைப் போட்டார்கள். சார் சட்டென்று தலையைச் சாய்த்தார்.

"பேரிங் போகப்போகுது. அந்த ராசுகிட்டச் சொல்லி நிறுத்தச் சொல்லுங்க," என்றார்.

எங்களுக்கு வித்தியாசமாக எந்தச் சத்தமும் கேட்கவில்லை. தோட்டக்காரர் ராசு வந்து கழற்றிப் பார்த்தார். பேரிங்கில் விரிசல். சார் அதைக் கண்ணாடி இல்லாமலேயே கையில் வாங்கி, அதன் விளிம்பில் பொறித்திருந்த எண்ணைப் படித்தார். கடுகு அளவு எழுத்து. கண் ஆபரேஷன் ஆனவர்களுக்குக் கிட்டப் பார்வை அப்படித் திரும்பி வரும் போலிருக்கிறது. பெரிய எழுத்துதான் தெரியாது போல.

ஜூன் 26, புதன்

பருப்புப் பொடி அரைத்தோம். பேச்சுக்கு மூன்று பக்கம் எழுதிவிட்டேன்.

ஜூலை 2, செவ்வாய்

அம்மாவின் மடிக்கணினியில் என் பேச்சைத் தட்டச்சு செய்யும்போது ஒரு கோப்பைப் பார்த்துவிட்டேன். ஜூலை 20-ஆம் தேதி நடக்கப்போகும் கூட்டத்தின் மினிட்ஸ். இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. ஆனால் அதில் எல்லாம் நடந்து முடிந்திருந்தது. 'விவாதத்துக்குப் பின் ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது.' ஏகமனதாக என்ற சொல் ஒன்பது இடத்தில் வருகிறது. எண்ணினேன்.

அம்மாவிடம் கேட்டேன். அது வரைவு, எல்லாக் கம்பெனியிலும் முன்கூட்டியே தயார் செய்வார்கள், மாற்றம் இருந்தால் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றாள்.

"இதுவரைக்கும் எத்தனை தடவை மாத்தியிருக்கே?"

அம்மா யோசித்தாள். "ஒருதடவை. ஆடிட்டர் வர லேட்டாயிடுச்சு. நேரத்தை மாத்துனேன்."

ஜூலை 6, சனி

இன்று எழுதிய அட்டைகள் கொஞ்சம் வேறு மாதிரி இருந்தன. சிவப்பு மை அதிகமாகிவிட்டது. '(வலப்பக்கம் சாம்பல் நிறப் புடவை டாக்டர் இந்திராணி. மகளிர் கல்லூரி.)' '(எதிரில் இருப்பவர் ஆடிட்டர்.)' அதற்கடுத்தது: '(உங்கள் இடப்பக்கம் இருப்பவர் ஸ்ரீனிவாஸ். உங்கள் மகன்.)'

பேனாவை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தேன். அம்மா துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். ஒரே துண்டை மூன்று முறை மடித்தாள். 

"எழுது மிது," என்றாள்.

எழுதினேன். கண் சரியில்லாதவர்களுக்கு ஆளைத் தெரியாமல் போவது சகஜம்தான்.

பிறகு அட்டைகளைக் கொண்டுபோய்க் கொடுத்து, சாரிடம் ஒத்திகை பார்த்தோம். நன்றாகப் படித்தார். கிளம்பும்போது என்னை மட்டும் அருகில் கூப்பிட்டார்.

"ஏங்கண்ணு, இந்தச் செவப்பு எதுக்கு? வாத்தியார் திருத்திக் குடுத்தாப்பல இருக்குது. நானென்ன ஃபெயிலா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூலை 12, வெள்ளி

பேச்சுப் போட்டியில் இரண்டாம் பரிசு. நடுவர்களில் ஒருவர், "கேள்வியே கேட்காத சுயேச்சை இயக்குநரைப் பற்றி என்ன சொல்வாய்?" என்றார். "அவருக்கும் அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கும் வித்தியாசம் இல்லை" என்றேன். அரங்கமே கைதட்டியது. அம்மா கடைசி வரிசையில் இருந்தாள். அவள் தட்டினாளா என்று தெரியவில்லை, எனக்கு முன்னால் ஒருவர் எழுந்து நின்றுவிட்டார்.

ஜூலை 14, ஞாயிறு

ஸ்ரீனிவாஸ் சார் வீட்டுக்கு வந்திருந்தார். எங்கள் வீட்டுக்கு அவர் வருவது இதுவே முதல் முறை. காபி கொடுத்துவிட்டு நான் உள்ளறையில் புத்தகத்தோடு இருந்தேன். எங்கள் வீட்டுச் சுவர்கள் ஒன்றையும் மறைக்காது.

விஷயம் இதுதான். சாரின் பதவிக்காலம் முடிகிறது. இன்னும் ஐந்து வருடத்துக்கு நீட்டிக்க வேண்டுமானால், எழுபதைத் தாண்டியவர் என்பதால் பங்குதாரர்களிடம் காரணம் சொல்லி ஓட்டு வாங்க வேண்டும். 'அவர் முழுத் திறனோடு இருக்கிறார் என்று குழு கருதுகிறது' என்று அறிவிப்பில் எழுத வேண்டும். அதற்கு இருபதாம் தேதி குழு ஒப்புதல் தரும். அடியில் அம்மா கையெழுத்திட வேண்டும்.

அம்மா முடியாது என்றாள். முடியாது என்றால், மிக மெதுவாக, "எனக்குக் கஷ்டமா இருக்குதுங்க" என்றாள்.

ஸ்ரீனிவாஸ் சார் கோபப்படவில்லை. "அப்பா பேரைப் பாத்துத்தானுங்க டீலருங்க நிக்கறாங்க. அவரு இல்லைன்னா என்னை யாரு மதிப்பாங்க? இது வெளிய தெரிஞ்சா அவரை எல்லாரும் எப்படிப் பாப்பாங்க, அதையும் யோசியுங்க. அவரு உங்களுக்கு என்ன செஞ்சாருன்னு மறந்துட்டீங்களா?"

அம்மா மறக்கவில்லை. எனக்கே அது பலமுறை சொல்லப்பட்ட கதை. அம்மா அந்தக் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள். செயலாளர் பரீட்சையில் மூன்று முறை தோற்றாள். மூன்றாவது முறை நான் வயிற்றில். அந்த வருடங்கள் முழுக்கச் செயலாளர் நாற்காலியில் வேறு யாரையும் நிரந்தரமாக உட்காரவைக்காமல், சுகந்தி பாஸ் ஆகி வரட்டும் என்று வெங்கிடுபதி சார் காத்திருந்தார். நான்காவது முறை பாஸானாள்.

அவர் போன பிறகு அம்மா கீரை ஆய்ந்தாள். நானும் உட்கார்ந்து ஆய்ந்தேன். ஒரு கட்டுக் கீரை முடிந்ததும், "சொன்னா அவரு தலை குனியணும். சொல்லலைன்னா நான் பொய்க் கையெழுத்துப் போடணும்," என்று கீரையிடம் சொல்வது போலச் சொன்னாள்.

ஜூலை 19, வெள்ளி

கடைசி அட்டைகள். மொத்தம் பதினொன்று. அம்மா அலுவலகத்தில் இருந்தபடி ஃபோனில் சொல்லச் சொல்ல எழுதினேன். சிவப்புப் பேனாவைக் கையில் எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். வாத்தியார் திருத்தியது போல இருக்கிறது என்று சார் சொன்னாரே. எல்லாவற்றையும் நீலத்திலேயே எழுதினேன். அடைப்புக்குறிதான் இருக்கிறதே, அதுவே போதும்.

ஜூலை 20, சனி, காலை

அம்மா மேசையில் உட்கார்ந்து அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பார்த்தாள். ஏழாவது அட்டையில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பதினொன்றையும் தட்டி ஒழுங்குபடுத்திக் கோப்பில் வைத்தாள். இட்லி ஆறிவிட்டது.

கூட்டம் சாரின் வீட்டிலேயே. பள்ளி விடுமுறை என்பதால் என்னையும் கூட்டிப்போகிறாள்.

ஜூலை 20, சனி, மாலை

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிட வேண்டும்.

கூட்டம் ஹாலில் நடந்தது. நான் அடுத்திருந்த சாப்பாட்டு அறையில் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். நடுவில் மணிகள் கோத்த திரைதான். அந்தப் பக்கம் எல்லோரும் தெரிந்தார்கள்.

சார் முதல் அட்டையைப் படித்தார். "எல்லோருக்கும் வணக்கம். குறைந்தபட்ச எண்ணிக்கை இருப்பதால் கூட்டத்தைத் தொடங்குகிறேன். எல்லோரையும் பார்த்துச் சிரியுங்கள்."

படித்துவிட்டு எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். ஆடிட்டர் வாய்விட்டுச் சிரித்தார். சார் தமாஷ் செய்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எனக்கு மட்டும் புரிந்துவிட்டது. நீல மை. அடைப்புக்குறி அவர் கண்ணில் படவேயில்லை. எழுந்து ஓடிப்போய் அட்டையைப் பிடுங்கலாமா என்று நினைத்தேன். அம்மாவைப் பார்த்தேன். அம்மா தலை நிமிரவில்லை.

இரண்டு, மூன்று, நான்கு என்று போயிற்று. "தண்ணீர் குடியுங்கள்" என்று படித்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஏழாவது அட்டை.

"அடுத்த பொருள் என் பதவி நீட்டிப்பு. இது என்னைப் பற்றியது என்பதால் நான் தலைமை தாங்குவது முறையல்ல. உங்கள் இடப்பக்கம் இருப்பவர் ஸ்ரீனிவாஸ். உங்கள் மகன். அவரிடம் கோப்பைக் கொடுங்கள்."

சார் இடப்பக்கம் திரும்பினார். மகனை ஒரு கணம் பார்த்தார். கோப்பைக் கொடுத்தார். "இந்தாங்க," என்றார்.

ஸ்ரீனிவாஸ் சார் அதை வாங்கவில்லை. மேசைமேல் இருந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் இந்திராணிதான் முதலில் பேசினார். "இந்த அட்டையை யாருங்க எழுதுனது?"

"நான் எழுதச் சொன்னதுங்க மேடம்," என்றாள் அம்மா. என் பேரைச் சொல்லவில்லை.

"அப்பாவுக்குக் கண்ணு சரியில்லீங்க, அதனாலதான்..." என்று ஸ்ரீனிவாஸ் சார் ஆரம்பித்தார்.

"கண்ணு நல்லாத்தானுங்களே இருக்குது," என்றார் இந்திராணி. கடுமையாகச் சொல்லவில்லை, தூங்கும் குழந்தையைத் தொடுவது போலச் சொன்னார். "ஒரு எழுத்து விடாமப் படிச்சாருங்களே."

பிறகு அவர் பேசியதெல்லாம் தன்னைப் பற்றித்தான். ஆறு வருடமாக இந்தக் குழுவில் இருப்பதாகவும், ஐப்பசிக் கூட்டத்தில் சார் தன் பெயரை இரண்டு முறை கேட்டபோதே தனக்குப் புரிந்துவிட்டதாகவும், அதன் பிறகு மூன்று கூட்டத்தில் ஏகமனதாகக் கை தூக்கியதாகவும் சொன்னார். "கேக்காம இருக்கறது மரியாதைன்னு நெனச்சுட்டேன். என் தப்புங்க."

நான் பேச்சுப் போட்டியில் சொன்ன நாற்காலி வாக்கியம் நினைவுக்கு வந்தது. முகத்தை நோட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

சார் அந்த அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அம்மாவைக் கூப்பிட்டார்.

"சுகந்தி. எத்தனை நாளா இப்படி?"

"ஐப்பசியிலிருந்துங்க சார்."

"இங்க எல்லாத்துக்கும் தெரியுமா?"

அம்மா தலையாட்டினாள்.

"மோட்டார்ல சத்தம் வந்தா, கேட்டவன் சொல்லோணும்," என்றார் சார். அவர் யாரையும் திட்டுவது போல இல்லை. பட்டறைப் பையனுக்கு வேலை சொல்லிக்கொடுப்பது போல, நிதானமாக. "ஓட்டீட்டே இருந்தா உள்ள இருக்கறதெல்லாம் போயிரும். நான் நிறுத்திக்கறேன். எழுதிக்க."

"எழுதறேனுங்க சார்."

"நடந்தது நடந்தபடி எழுது."

அம்மா கோப்பிலிருந்து அச்சடித்த மினிட்ஸை எடுத்து ஓரமாகக் கவிழ்த்து வைத்தாள். வெள்ளைத் தாளை எடுத்து, அந்த எறும்புக் கையெழுத்தில் எழுத ஆரம்பித்தாள். ஸ்ரீனிவாஸ் சார் நாற்காலியை நகர்த்தித் தன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஒரு மணி நேரம் உண்மையாகவே விவாதம் நடந்தது. நிர்வாகத்தை ஸ்ரீனிவாஸ் சார் பார்ப்பது, குழுவுக்குத் தலைவராக இந்திராணி இருப்பது என்று முடிவாயிற்று. வங்கி அதிகாரி மட்டும் தலைவர் குடும்பத்திலிருந்தே வர வேண்டும் என்று மறுத்தார். அதுவும் மினிட்ஸில் ஏறியது.

திரும்பும்போது சிங்காநல்லூர் குளக்கரையில் அம்மா ஸ்கூட்டரை நிறுத்தினாள். நான் நீல மை விஷயத்தைச் சொல்லி அழுதேன். என்னால்தான் எல்லார் முன்னாலும் சாருக்கு அப்படி ஆயிற்று என்றேன். அம்மா தன் துப்பட்டாவால் என் மூக்கைத் துடைத்தாள், நான் ஏதோ ஒன்றாம் வகுப்பு போல.

"அட்டையைச் சரிபாக்க வேண்டியது செயலாளர் வேலை. உன் வேலையில்ல," என்றாள்.

காலையில் அவசரத்தில் கவனிக்கவில்லை போலிருக்கிறது. அம்மா கண்ணிலிருந்து ஒரு கால்புள்ளிகூடத் தப்பியதில்லை.

ஜூலை 21, ஞாயிறு

அம்மா மதியம் வரை தூங்கினாள். நான் ரசம் வைத்தேன். புளி அதிகம்.

ஜூலை 24, புதன்

புதிய மினிட்ஸைப் படித்தேன். 'ஏகமனதாக' என்ற சொல் ஒரே ஓர் இடத்தில் வருகிறது: 'நிறுவனருக்குக் குழு தன் நன்றியை ஏகமனதாகத் தெரிவித்தது.'

சாரிடம் கையெழுத்து வாங்கப் போவதில்லை என்று அம்மா சொன்னாள். அடுத்த கூட்டத்தின் தலைவர் கையெழுத்திடலாம் என்று சட்டத்தில் இருக்கிறதாம். தான் படிப்பது என்னவென்று தெரியாத ஒருவரிடம் இனிமேல் கையெழுத்து வாங்க மாட்டேன் என்றாள். இத்தனை மாதம் வாங்கியதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 3, சனி

இன்று சாரின் வீட்டுக்குப் போக எந்தக் காரணமும் இல்லை. ஆனாலும் பத்து மணிக்கு அம்மா புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். நான் இந்த டைரியைப் பையில் போட்டுக்கொண்டேன், அங்கே எழுதலாம் என்று.

சார் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஸ்ரீனிவாஸ் சார் ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் சார் முகம் மலர்ந்தது. பெயர் சொல்லவில்லை. ஆனால் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. பேனாவைத் திறந்து, மூடியைப் பின்னால் செருகி, காத்திருந்தார்.

அம்மாவின் கையில் ஒன்றும் இல்லை. "இன்னிக்கு ஒண்ணுமில்லீங்க சார், சும்மா பாக்க வந்தோம்," என்றாள். சாருக்கு அது புரியவில்லை. பேனா நீட்டியபடியே இருந்தது. அவர் முகம் மெல்ல வாடத் தொடங்கியதை என்னால் பார்க்க முடியவில்லை.

டைரியைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். 

சார் பக்கத்தைப் பார்த்தார். பம்ப் படத்தை விரலால் தடவினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நடந்தது நடந்தபடி இருக்குதா?"

அம்மா என்னைப் பார்த்தாள். ஸ்ரீனிவாஸ் சாரும் பார்த்தார்.

"ஒரே ஒரு விஷயம் தப்பா இருக்குதுங்க சார்," என்றேன். "அடுத்த பக்கத்துல திருத்தி எழுதிடறேனுங்க."

"அப்படித்தான் செய்யோணும்," என்று திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு ஜூன் ஒன்பதிலிருந்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, அவசரப்படாமல், எல்லாப் பக்கத்தின் ஓரத்திலும் 'வெ' என்று போட்டார். கை நடுங்கவே இல்லை.

ஆகவே, ஜூன் 15-ஆம் தேதிப் பக்கத்திலும், 22-ஆம் தேதிப் பக்கத்திலும், ஜூலை 6-ஆம் தேதிப் பக்கத்திலும் சாருக்குக் கண் சரியில்லை என்று நான் எழுதியிருப்பது தவறு. அவை அப்படியே இருக்கும். சரியானது இது: அவருக்குக் கண் நன்றாகத் தெரிந்தது. எனக்கும் தெரிந்தது.